அம்பர்நாத் ஆலயமும் சிலாஹாரர் குலமுறையும்

மாதுங்காவில் மின்சார ரயில் ஏறி அம்பர்நாத் வரை செல்லும் தமிழன்பர்கள், தாம் அறியாமலே ஓர் அரச குலத்தின் வமிசாவளியினூடே பயணம் செய்கின்றனர். வழியிலுள்ள பாண்டுப்பில் அக்குலத்தின் செப்பேடொன்று கிடைத்தது, தாணேயில் மற்றொன்று, அம்பர்நாத்தில் வால்துனி ஆற்றங்கரைச் சிவாலயத்தில் ஒரு கல்வெட்டு உள்ளது. இத்தகைய சான்றுகளை ஒன்றோடொன்று பொருத்தி எழுதப்பட்டதே வட கொங்கணத்துச் சிலாஹாரர் வரலாறு.

இவர்கள் பேரரசராகத் தோன்றியவர் அல்லர். ஏறத்தாழ கி.பி. 800-இல் இராஷ்டிரகூடருக்கு அடங்கி, அவர்தம் மேற்குக் கடலெல்லையில் ஆட்சி புரிந்த கபர்தி என்னும் குறுநிலத் தலைவனே நமக்குத் தெரிந்த முதல்வன். அவன் மகன் புல்லசக்தியின் பெயர் கண்ணேரிக் குகைக் கல்வெட்டில் காணப்படுகிறது. செப்பேடுகளோ இக்குலத்தை ஜீமூதவாகனன் என்னும் வித்தியாதர இளவரசனிடமிருந்து தொடங்குகின்றன. நாகம் ஒன்றைக் காக்கத் தன்னையே கருடனுக்கு இரையாகப் பாறைமேல் அளித்தவன் அவன். 'சிலா', 'ஆஹாரம்' என்று குலப்பெயருக்குப் பொருளும் கூறிவிட்டனர்! திருவாலங்காட்டுச் செப்பேடு சோழரைச் சூரியனிலிருந்து தொடங்கவில்லையா? எல்லைக் காவலனுக்கும் தேவகுலம் வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் பூண்ட விருதுப் பெயர்களுட் சில கன்னடமாயிருத்தலின், கன்னட நாட்டுத் தொடர்புடையோர் என்று அறிஞர் கருதுவர். வேற்று நிலத்தில் வந்து குடியேறியவர் கதை நம்மவர்க்கு அயலானதன்று.

புராணப் பகுதியை விலக்கினால், எஞ்சியதை எங்ஙனம் நம்புவது? வெளிச்சாட்சி வேண்டும். 916-இல் இன்றைய சௌல் துறைமுகத்தைக் கண்ட அராபியப் பயணி மசூதி, அங்கு ஜஞ்ஜன் ஆண்டான் என்று எழுதினார். செப்பேட்டு வரிசையிலும் ஜஞ்ஜன் அக்காலத்திலேயே வருகிறான். 1787-இல் தாணேயில் அடித்தளம் தோண்டுகையில் வெளிப்பட்ட செப்பேடு 1017-இல் அரிகேசரி அளித்தது. (அரிகேசரி என்ற பெயர் பாண்டியர் வரலாறு கற்றோர்க்குப் புதிதன்று.) 1026-ஆம் ஆண்டுப் பாண்டுப் செப்பேடு அவன் அண்ணன் மகன் சித்தராஜனுடையது.

இனி அம்பர்நாத்துக்கு வருவோம். அங்குள்ள கல்வெட்டின் ஆண்டு முதலில் சகம் 782 என்று படிக்கப்பட்டது. அஃதாவது கி.பி. 860. பின்னர்ப் பண்டிதர் பகவான்லால் இந்திராஜி அதனை 982, அஃதாவது 1060 என்று திருத்தினார். ஓர் இலக்கத்தில் இருநூறு ஆண்டுகள்! திருத்தமே சரியென்பதற்குக் குலமுறையே சான்று. 860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டாம் கபர்தி ஆண்டான் என்று கண்ணேரிக் கல்வெட்டுகள் கூறுகின்றன. கோயிற் கல்வெட்டோ அவனுக்குப் பல தலைமுறை பிற்பட்ட மும்முணியைக் குறிக்கிறது. அதே கல்வெட்டு ஆலயத்தைச் சித்தராஜனின் கோயில் என்கிறது. எனவே சித்தராஜன் தொடங்கியதை மும்முணி முடித்தான் என்று கொள்வது பொருந்தும். மும்முணியைச் சித்தராஜனின் மகன் என்று எழுதுவோர் இன்றும் உளர். அது பிழை. சித்தராஜன், நாகார்ஜுனன், மும்முணி மூவரும் வஜ்ஜடனின் மக்கள். அண்ணன் தொடங்கிய பணியைத் தம்பி நிறைவேற்றினான்.

தம்பிக்குப்பின் பட்டம் அவன் மகனுக்குச் செல்லவில்லை. நாகார்ஜுனன் மகன் அனந்ததேவன் அரசனானான். அவனுடைய 1094-ஆம் ஆண்டுக் காரேபாடன் செப்பேடு, தாயாதிப் பகையால் கொங்கணம் சீரழிந்த காலத்தைக் குறிப்பிடுகிறது. பகைவர் பெயரை மட்டும் சொல்லவில்லை. வமிசாவளி எழுதுவோர் குடும்பச் சண்டையைப் பற்றி இவ்வளவு சொன்னதே பெரிது.

கடைசி அரசன் சோமேசுவரன் 1265-ஐ ஒட்டி யாதவ மன்னன் மகாதேவனோடு பொருது கடலில் மாண்டான். போரிவிலியை அடுத்த எக்ஸாரில் கப்பற்போர் செதுக்கிய வீரக்கற்கள் உள்ளன. அது இப்போரே என்பர் சிலர். அவற்றைக் காண மேற்கு ரயில் பாதையில் செல்லவேண்டும்.