முன்பண நோட்டு

கூத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, கூத்தைத் திரௌபதி வழிபாட்டின் ஒரு அங்கமாகப் பார்ப்பது. மற்றது, நவீன நாடகம் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்று பார்ப்பது. இரண்டாவது வகையில் ந. முத்துசாமி எழுதியவை முக்கியமானவை. புரிசைத் தம்பிரான்களின் ஆட்டத்தைப் பார்த்துத் தன் நாடகப் பார்வையையே திருத்திக்கொண்ட ஒரு படைப்பாளியின் பிரக்ஞை அவற்றில் இருக்கிறது. ஆனால் இரண்டு வகையிலும் ஒரு எளிய கேள்வி அநேகமாக எழுப்பப்படவில்லை. இந்தப் பதினைந்து பேரும் இன்றிரவு இந்த ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்? யார், எதைக் கொடுத்து இவர்களைச் சேர்த்தது? நாளை இரவு வேறொரு ஊரில் இதே பதினைந்து பேரும் கூடுவார்கள் என்பதற்கு எது உத்தரவாதம்?

இது நிர்வாகத்தைச் சேர்ந்த கேள்வி, கலையைச் சேர்ந்ததல்ல என்று ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கூத்தின் உருவம் என்று நாம் வியக்கிற பலவும் ஆள் சேர்க்கிற சங்கடத்திலிருந்து பிறந்தவை என்றே நினைக்கிறேன்.

அணைக்கட்டுப் பக்கத்து ஜமா ஒன்றின் வாத்தியாரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிக்கிறது. இடப்பக்கம் பேர், பேருக்குக் கீழே அவர் கட்டும் வேஷம். வலப்பக்கம் கொடுத்த தொகை, தேதி, சில இடங்களில் காரணம்: பெண் சடங்கு, ஆஸ்பத்திரி, வட்டி. பின்பக்கங்களில் ஊர்ப்பேரும் ஆட்ட நாளும், வெற்றிலை பாக்கோடு வாங்கிய அச்சாரமும். நாடகங்களின் பேர் ஒன்றுகூட இல்லை. எந்த ஊரில் என்ன கூத்து என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதைத்தான் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

முறை இதுதான். பங்குனியில் பாரத விழாக்கள் தொடங்குவதற்கு முன்பே வாத்தியார் ஒவ்வொரு நடிகருக்கும் முன்பணம் கொடுத்து அந்தப் பருவத்துக்கு அவரைத் தன் ஜமாவுக்கு ஆக்கிக்கொள்கிறார். ஒவ்வொரு இரவும் வருகிற பணம் பங்காகப் பிரிகிறது: முழுப்பங்கு, முக்கால் பங்கு, அரைப்பங்கு. கிரீடமும் புஜக்கட்டையும் வைத்திருக்கும் பெட்டிக்குத் தனிப்பங்கு. நடிகரின் பங்கிலிருந்து முன்பணம் சிறிது சிறிதாகக் கழிகிறது. பருவம் முடியும்போது கழியாமல் நிற்பது அடுத்த பருவத்தின் கட்டு.

இங்கிலீஷ் படித்தவர்களுக்கு இந்த நோட்டு புதிதல்ல. லண்டனில் ரோஸ் நாடக அரங்கின் முதலாளியான பிலிப் ஹென்ஸ்லோ 1592 முதல் எழுதி வந்த கணக்குப் புத்தகம் இன்றும் டல்விச் கல்லூரியில் இருக்கிறது. எலிசபெத் காலத்து நாடகத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி அந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. அங்கேயும் பங்காளிகள், கூலிக்கு வந்தவர்கள் என்ற பிரிவு உண்டு. நடிகர்களுக்கும் நாடகாசிரியர்களுக்கும் கொடுத்த கடன்கள் உண்டு. 1597-ல் நடிகர்கள் வேறு அரங்கில் ஆடுவதில்லை என்று அபராதத்தோடு கட்டுப்பட்டுக் கொடுத்த உறுதிகள் உண்டு. 1615-ல் ஒரு குழு அவர்மேல் புகார்ப் பட்டியல் எழுதியது. கடன் தீர்ந்துவிட்டால் எங்களை ஆளமுடியாது என்பதற்காகவே எங்களைக் கடனில் வைத்திருக்கிறார் என்பது அதன் சாரம். ஷேக்ஸ்பியர் காலத்தின் ஆராய்ச்சியாளர்கள் இந்தப் புத்தகத்தை வரிவரியாகப் படித்திருக்கிறார்கள். நம் வாத்தியார்களின் நோட்டுகள் பழைய பேப்பரோடு போகின்றன.

முன்பணம் என்றும் இருந்ததல்ல. அதற்கு முன்னால் இருந்தது 'முறை'. இந்தக் குடும்பத்துக்கு இந்த ஊர்களில் ஆடுகிற உரிமை என்று பரம்பரையாக வந்த ஏற்பாடு அது. உரிமை என்பது பாதிதான்; மறுபாதி ஊழியம். கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. கூலி தானியமாகவும் துணியாகவும் வந்தது. அதன் அளவை ஊர் தீர்மானித்தது. காசுக்கு ஆடும் ஜமாக்கள் பெருகியபோது சாதிக்கட்டு தளர்ந்தது, யாரும் வேஷம் கட்டலாம் என்றாயிற்று. இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்தவர் ஹன்னே டி ப்ரூய்ன். கட்டைக்கூத்தைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1999-ல் வந்தது. பழைய முறையை ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் அதில் ஆடியவன் எந்தப் பக்கமிருந்து சாப்பாடு வாங்கினான் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். முறையிலிருந்து முன்பணத்துக்கு வந்தது விடுதலைதான். கட்டு கழன்ற இடத்தில் இன்னொரு கட்டு விழுந்தது என்பதும் உண்மைதான்.

தெற்கே கம்பெனி நாடகத்தில் இதே சங்கடம் வேறு வழியில் தீர்க்கப்பட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபையை ஆரம்பித்தார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. பால சபை என்ற பேரிலேயே தீர்வு இருக்கிறது. வளர்ந்த நடிகன் ஒழுங்குக்குள் நிற்கமாட்டான், அதிகப் பணம் காட்டினால் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவான். சிறுவன் போகமாட்டான். பெற்றோரிடம் ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு, கம்பெனி வீட்டிலேயே சோறும் பாட்டும் அடியும் கொடுத்து வளர்த்தார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் 1918-ல் இந்தச் சபைக்கு வந்தவர்கள். 1925-ல் சொந்தக் கம்பெனி கண்டார்கள். எம்.ஜி. ராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் பாய்ஸ் கம்பெனிச் சோறு தின்றவர்கள். அந்த ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு எதிரி இருந்தது: மகரக்கட்டு. குரல் உடைந்த பையன் நேற்றுவரை பாடிய ஸ்தாயியில் இன்று பாடமுடியாது. அவன் இடத்துக்கு இன்னொருவன் வருவான். தமிழ் நாடகப் பாட்டு ஏன் அவ்வளவு உச்சத்தில் பாடப்பட்டது என்று கேட்கிறவர்கள் மைக் இல்லாத கொட்டகையோடு இதையும் சேர்த்து யோசிக்கலாம். பாடியவர்களுக்குப் பன்னிரண்டு வயது.

கூத்து சிறுவர்களை அடைத்து வைக்கவில்லை. ஆள் வராமல் போகலாம் என்பதை ஒப்புக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி தன் உருவத்தையே இளக்கமாக வைத்துக்கொண்டது. அர்ச்சுனன் தபசில் மரம் ஏறுகிறவனுக்குக் காய்ச்சல் என்றால் ஏறத் தெரிந்த இன்னொருவன் ஜமாவில் இருப்பான். எல்லோருக்கும் எல்லாப் பாட்டும் காதில் இருப்பதால் ஒருவன் ஓரிரவில் இரண்டு மூன்று வேஷம் கட்டுகிறான். ஒரே பாத்திரத்தை முன்னிரவில் ஒருவரும் பின்னிரவில் ஒருவரும் கட்டுவதும் உண்டு. திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வேஷமும் தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்வதால் நேற்று பீமனாக வந்தவன் இன்று துச்சாதனனாக வருவதில் பார்க்கிறவனுக்குக் குழப்பம் இல்லை. கட்டியங்காரனின் நீண்ட ஹாஸ்யத்தை நாம் சமூக விமர்சனம் என்று எழுதுகிறோம். அதுவும்தான். ஆனால் உள்ளே அரிதாரம் முடியவில்லை, கடைசி பஸ்ஸை விட்ட நடிகர் இன்னும் வந்து சேரவில்லை என்பதும் அந்த ஹாஸ்யத்தின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. பின்பாட்டுக்காரர்கள் அடியைத் திரும்பப் பாடுவது இசை அமைதிக்காக மட்டும் அல்ல, அது பத்தாவது இரவாக விழித்திருப்பவனுக்குக் கிடைக்கிற மூச்சு. இவற்றைச் சொல்வதால் கூத்தின் கலாபூர்வமான மதிப்பு குறைந்துவிடாது. பற்றாக்குறையை உருவமாக மாற்றத் தெரிந்த கலை அது.

இனி சங்கடமான இடத்துக்கு வருகிறேன். 1976-ல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைப் படித்தால், முன்பணம் வாங்கியதற்காக வேறு இடத்தில் வேலை தேடும் உரிமையை ஒருவன் இழப்பதும் அதன் வரையறைக்குள் வருகிறது. சட்டத்தை எழுதியவர்கள் கூத்து ஜமாவை நினைத்திருக்கமாட்டார்கள், வயலையும் சூளையையும்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் எழுத்துப்படி பார்த்தால் துரியோதனனும் அதன் எல்லைக்கு அருகில்தான் நிற்கிறான். இதை அந்த ஜமாவின் துரியோதனனிடமே கேட்டேன். சிரித்தார். "அட்வான்ஸ் குடுக்காத வாத்தியாருகிட்ட எவன் சார் போவான்? நம்மள ஒரு ஆளா மதிக்கலன்னுதான அர்த்தம்?"

எனக்கு அது பதிலாகப்படவில்லை, அன்றைக்கு. நோட்டைத் திரும்பப் பார்த்தபோதுதான் விளங்கியது. அதில் தொகை வரிசை என்பது வேஷங்களின் வரிசை. யாருக்கு அதிகம் என்பது யார் பெரிய நடிகர் என்பதற்கு எழுத்தில் உள்ள ஒரே அத்தாட்சி. ஹென்ஸ்லோவுக்குச் சொந்தமாக அரங்கு இருந்தது. வாத்தியாருக்கு இருப்பது ஒரு பெட்டி. கொடுக்கிற முன்பணத்தை அவரே வட்டிக்கு வாங்குகிறார். நடிகர் வராமல் போனால் அவரிடம் உள்ள ஆயுதம் வெட்கம் ஒன்றுதான். கட்டியவனும் கட்டுண்டிருக்கிற கட்டு இது. இதைச் சுரண்டல் என்று சொல்லி முடித்துவிட முடியவில்லை. பாசம் என்று பூசி மெழுகவும் முடியவில்லை.

இதற்கு மாற்று தேடியவர்கள் உண்டு. 1990-ல் காஞ்சிபுரத்தில் பெ. ராஜகோபாலின் முன்முயற்சியில் கூத்துக் கலைஞர்கள் தங்களுக்கென்று கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். தெரு என்ற சொல்லில் இருந்த இளப்பத்தை உதறி, மரக்கட்டை அணிகளின் பேரால் தங்கள் கலையை அழைத்தார்கள். 2002-ல் தொடங்கிய அவர்களுடைய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப்படிப்போடு கூத்தும் கற்றார்கள். பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். பாய்ஸ் கம்பெனிக்கு எண்பது ஆண்டு கழித்து வந்த சரியான பதில் அது. 2020-ல் குருகுலம் மூடப்பட்டது. அரசு 2007-ல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் ஏற்படுத்தியது. வாரியம் நடிகரைத் தனி ஆளாகப் பதிவு செய்கிறது. ஜமா என்ற கூட்டு உயிர் அந்த அட்டையில் இல்லை.

எங்கள் பக்கத்தில் இன்னொரு போட்டி இருக்கிறது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் பஸ்கள் கிராமத்துக்கே வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. மாதச் சம்பளம், பி.எஃப். விடிய விடிய ஆடியவன் காலை பஸ்ஸில் ஏற முடியாது. ஏறுகிறவன் விடிய விடிய ஆட முடியாது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவன் நான்.

2020-ல் ஊரடங்கு வந்தது பங்குனியில். முன்பணம் கொடுத்தாயிற்று, அச்சாரம் வாங்கியாயிற்று, ஒரு திரைகூடப் பிடிக்கவில்லை. அந்த ஆண்டுக்கான பக்கத்தில் பேர்களும் தொகைகளும் அப்படியே இருக்கின்றன, கழித்ததற்கான கோடுகள் இல்லை. வாத்தியார் யாரிடமும் திருப்பிக் கேட்கவில்லை. ஊர்கள் சிலவற்றுக்கு அச்சாரத்தைக் கொடுத்துவிட்டார். வட்டியை இரண்டு வருஷம் தானே கட்டினார். மூன்று பேர் ஷூ கம்பெனிக்குப் போனார்கள். 2022-ல் கூத்து திரும்பத் தொடங்கியபோது இரண்டு பேர் வந்தார்கள், பழைய கணக்கு நிற்கிறது என்று சொல்லிக்கொண்டு.

துரியோதனன் சென்ற தையில் எங்கள் வங்கிக்கு வந்தார். மனைவியின் நகையை மீட்க. கையில் அந்தப் பருவத்து முன்பணம். படுகளத்தில் மண்ணுருவாகக் கிடக்கிற அந்தப் பெரிய உடம்பின்மேல் ஏறி நின்று பீமனோடு சண்டை போடுகிறவர், கவுன்டருக்கு முன்னால் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றார். விவரப் படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கிறது. கூத்து நடிகர் என்று எழுதட்டுமா என்று கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "கூலின்னே போடுங்க சார், எதுக்கு வம்பு" என்றார். அப்படியே எழுதினேன். வாரிய அட்டை அவரிடம் இல்லை. அவருடைய தொழில் இன்னதென்று எழுதப்பட்டிருக்கிற ஒரே இடம், எனக்குத் தெரிந்தவரை, வாத்தியாரின் நோட்டுதான்.