கலங்கல் நீரும் தெளிவும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு குறிப்பு

நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒன்றையொன்று பற்றித் திரள்வதை ஆராயும் விஞ்ஞானம் ஐரோப்பிய ஆய்வுகூடங்களிலேயே தோன்றியது என்பர். இக்கூற்றை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. இல்ல மரத்து விதையாற் கலங்கல் நீர் தெளிவதைக் கலித்தொகை உவமையாக எடுத்தாள்கிறது. தேற்றாங்கொட்டை என இன்று வழங்குவது அதுவே. குடத்தின் உட்புறத்தில் அதனைத் தேய்த்து, நீரைக் கலக்கி, பின் அசையாது வைப்பர். கேட்போருக்கு உவமை உடனே விளங்கிற்றெனில், அச்செயல் வீட்டு உழைப்பின் அன்றாடக் கூறாக இருந்திருத்தல் வேண்டும்.

செயல் இருந்தது, அளவை இருக்கவில்லை. களிமண்ணின் நுண்துகள்கள் மறையேற்றம் கொண்டவை. ஆதலின் ஒன்றையொன்று விலக்குகின்றன. விதையிலுள்ள நீண்ட மூலக்கூறுகள் அவற்றைப் பாலமிட்டு இணைக்கின்றன. இத்திரட்சியின் வேகத்தைக் கணித முறையில் விளக்கிய போலந்துப் பௌதிகவியலாளர் ஸ்மொலுகோவ்ஸ்கியின் கட்டுரை 1917இல் வெளிவந்தது. ஓடும் நீரில் துகள்கள் மோதும் வீதம் அவற்றின் விட்டத்தின் மும்மடிக்கு விகிதசமம் என்பது அவரது முடிபு. எனவே நனோமீற்றர் அளவினவற்றை நீரோட்டம் எளிதில் ஒன்றுசேர்ப்பதில்லை. வெப்ப அசைவாலே அவை முதலிற் கூடிப் பருத்த பின்னரே ஓட்டம் துணைபுரிகிறது. ஓட்டம் மிகுந்தாலோ திரள்கள் சிதைந்துவிடும். ஒன்றினுள் ஒன்றாய் அமைந்த இரு உருளைகளில் ஒன்றைச் சுழற்றியும், மெல்லிய குழாய்களில் நீரைச் செலுத்தி ஒளி பாய்ச்சியும் ஆய்வுகூடங்களில் இதனை அளக்கின்றனர். கலக்குவதற்கும் வைப்பதற்கும் உரிய பதத்தைக் குடம் சுமந்த பெண்ணின் கை எண்ணின்றி அறிந்திருந்தது.

பெருந்தோட்ட மூலதனம் ஊவாவில் நடத்தியதோ இதற்கு நேரெதிரான பரிசோதனை. கோப்பித் துரைமார் சரிவுகளிற் காடழித்து, புல் முளையாதவாறு மண்ணைத் துப்புரவாக வைத்தனர். 1869இல் மடுல்சீமையில் இலைநோய் காணப்பட்டது, கோப்பி வீழ்ந்தது, காலப்போக்கில் அதே சரிவுகளைத் தேயிலை பற்றிக்கொண்டது. வெறுமையான மண்கட்டிகளை மழைத்துளி உடைத்தது. கட்டவிழ்ந்த துகள்கள் கான்வழி இறங்கின. பதுளைப் பக்கத்து மண் பதுளு ஓயாவினூடாக மகாவலியைச் சேர்ந்தது. ஊழிகளாய்த் திரண்ட அம்மண்ணின் இழப்பு எந்த இலாபக் கணக்கிலும் செலவாக எழுதப்படவில்லை. கான் வெட்டியவரும் புல் வெட்டியவரும் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரே. மழைநாளிற் பீலியிற் கலங்கல் நீர் பிடித்தவரும் அவரே.

1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது நிலத்தைப் பற்றிப் பேசிற்று. சரிவின்கீழ் அமைந்த லயத்தைப் பற்றிய கேள்வி நெடுங்காலம் ஒத்திவைக்கப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் அபாயமானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது.