தென்துருவக் கடலும் இலங்கையின் குரலும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் அமைந்த ஊர் குருக்கள்மடம். அதன் கரையில் அலையெறியும் நீர், இந்து மாக்கடலோடு கலந்து தென்துருவப் பனிக்கடல் வரை தொடர்கின்றது. ஆகவே அக்கடலைப் பேணும் பொறுப்பு யாருடையது என்னும் வினா நமக்கும் உரியதே.

1957-58இல் நிகழ்ந்த சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டில் 12 நாடுகள் தென்துருவத்தில் ஆராய்ச்சி நடத்தின. அவற்றுள் 7 நாடுகள் அந்நிலத்துக்கு உரிமை கொண்டாடியவை. எனினும் அறிஞர் கூடி உழைத்ததன் பயனாக, 1959 டிசம்பர் 1ஆம் நாள் அந்தாட்டிக்கா உடன்படிக்கை வாஷிங்டனில் கைச்சாத்தாயிற்று. படைத்தளங்களும் அணுவெடிப்பும் விலக்கப்பட்டன; ஆராய்ச்சி முடிவுகளைப் பகிர்ந்துகொள்ள யாவரும் இசைந்தனர். நில உரிமை வழக்கோ தீர்க்கப்படாது நிறுத்திவைக்கப்பட்டது.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. அந்த 12 நாடுகளுக்கும், பின்னர் அங்கே பேராராய்ச்சி நடத்தும் வலிமை பெற்ற நாடுகளுக்குமே முடிவு செய்யும் உரிமை வாய்த்தது. வறிய நாடுகளின் நிலை யாது? உடன்படிக்கைக்கு முன்னரே, 1956இல், இந்தியா இப்பொருளை ஐக்கிய நாடுகள் சபையில் எழுப்ப முயன்றது. 1975இல் இலங்கைப் பிரதிநிதி ஷேர்லி அமரசிங்க, அக்கண்டம் சிலரின் ஆதாயத்துக்கன்றி அனைவரின் பொதுநன்மைக்குப் பயன்படல் வேண்டும் என்னும் கருத்தைப் பொதுச்சபையில் எடுத்துரைத்தார். அன்று ஐ.நா. கடற்சட்ட மாநாட்டின் தலைவரும் அவரே.

1980இல் பனிக்கடல் உயிரினங்களைக் காக்கும் உடன்படிக்கை கான்பராவில் உருவாயிற்று. இறாலையொத்த கிரில் என்னும் சிற்றுயிரை வரம்பின்றி வாரினால், அதனை உண்டு வாழும் திமிங்கிலமும் பென்குயினும் நலிவுறும் என்பதை அது கருத்திற் கொண்டது. 1983இல் இந்தியா அந்தாட்டிக்கா உடன்படிக்கையிற் சேர்ந்து, முடிவு செய்யும் உரிமையும் பெற்றது.

பொதுநீரில் வலை வீசுவோர் யாவரும் அளவறிந்து எடுத்தல் வேண்டும். அவ்வளவை வகுக்குமிடத்தில் சிறியோர்க்கும் இடம் வேண்டும். வாவிக்குப் பொருந்தும் இந்நீதி பனிக்கடலுக்கும் பொருந்துவதே.