ஒரே சட்டம், இருவேறு விளைவுகள்: திராவிட நாடு, காலிஸ்தான் கோரிக்கைகள் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

திராவிட நாடு கோரிக்கை கைவிடப்பட்டதற்கு இரு காரணங்கள் பெரிதும் சுட்டப்படுகின்றன. ஒன்று, 1962-இல் நிகழ்ந்த சீனப் படையெடுப்பு. மற்றொன்று, 1963 அக்டோபர் 5 அன்று நடைமுறைக்கு வந்த பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம். ஆயின் அதே திருத்தம் பஞ்சாபையும் கட்டுப்படுத்தியது. அவ்வாறிருந்தும் இருபது ஆண்டுகளுக்குள் காலிஸ்தான் கோரிக்கை அங்கு ஆயுதப் போராட்டமாயிற்று. சட்டத் தடை ஒன்றே பிரிவினையை முடித்துவைக்கும் எனின், இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திருத்தமும் திசைமாற்றமும்

நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக வேட்பாளர்கள் உறுதிமொழி ஏற்க வேண்டுமெனத் திருத்தம் விதித்தது. 1962-இல் மாநிலங்களவையில் தனிநாட்டுக்காக வாதிட்ட சி.என். அண்ணாதுரையின் தலைமையில், திராவிட முன்னேற்றக் கழகம் 1963-இல் அக்கோரிக்கையைக் கைவிட்டது. எனினும் கோரிக்கைக்கான காரணங்கள் அப்படியே இருப்பதாக அவர் கூறிவந்தார். அக்காரணங்கள் பின்னர் மொழி, தொழில், நிதி, மாநிலத் தன்னாட்சி எனத் தனித்தனியே பேசத்தக்க உரிமைகளாயின. 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்திற்குப் பின், ஆங்கிலத்தின் தொடர்ச்சிக்கு 1967-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தம் பாதுகாப்பளித்தது. அதே ஆண்டில் கழகம் தேர்தல் வழியே ஆட்சியைப் பிடித்தது.

கரிசல் வட்டாரத்தில் இம்மாற்றம்

தெற்கு தேய்கிறது என்னும் முழக்கத்தின் பொருளியல் உள்ளடக்கத்தைக் கடம்பூர், கோவில்பட்டி வட்டாரத்தில் தெளிவாகக் காணலாம். மானாவாரிப் பருத்தியும் தீப்பெட்டித் தொழிலும் இக்கரிசல் நிலத்தின் வாழ்வாதாரங்கள். தீப்பெட்டிமீது 1934 முதல் விதிக்கப்பட்ட உற்பத்தி வரி நடுவண் அரசுக்குரியது. கடம்பூரை அடுத்த மணியாச்சியில் பிரியும் இருப்புப்பாதை சென்றடையும் தூத்துக்குடியின் துறைமுக விரிவாக்கமும் தில்லியின் முடிவையே சார்ந்திருந்தது. 1967-இல் அண்ணாதுரை அரசு நடத்திய எழுச்சி நாளின் கோரிக்கைகளுள் தூத்துக்குடித் துறைமுகமும் சேலம் இரும்பாலையும் இடம்பெற்றன. 1974 சூலை 11 அன்று தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. தனிநாடு கேட்ட இயக்கம் துறைமுகம் கேட்டுப் பெறும் இயக்கமாக மாறியதை இது காட்டுகிறது.

பஞ்சாபில் தீராத சிக்கல்கள்

மொழிவழி மாநிலம் பஞ்சாபுக்கு 1966 நவம்பர் 1 அன்றுதான் கிட்டியது. அப்போதும் சண்டிகர் நடுவண் ஆட்சிப் பகுதியாயிற்று, ஆற்றுநீர்ப் பங்கீடு தீரவில்லை. 1973-இல் அகாலிதளம் நிறைவேற்றிய அனந்தபூர் சாகிப் தீர்மானமும், 1971-இல் அறிக்கை அளித்த இராசமன்னார் குழுவும் நடுவண் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் ஒருதிசைப்பட்டவை. ஆயின் முன்னது தமிழ்நாட்டில் போலச் சட்டமன்றத் தீர்மானமாக நிலைபெறாது, சமய உரிமையோடு பிணைந்து போராட்டக் களத்தை அடைந்தது. 1984 சூனில் பொற்கோயிலில் இராணுவம் நுழைந்தது. அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்டார். தொடர்ந்து தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கு கூறுகிறது. 1985 சூலையில் கையெழுத்தான இராசீவ்–லோங்கோவால் உடன்பாடு, அனந்தபூர் தீர்மானத்தின் நடுவண்–மாநில உறவுப் பகுதியைச் சர்க்காரியா ஆணையத்திற்கு அனுப்பியது. அடுத்த மாதமே லோங்கோவால் கொல்லப்பட்டார். சண்டிகரும் உறுதியளித்தபடி 1986 சனவரியில் பஞ்சாபுக்கு வழங்கப்படவில்லை. 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவர் ஆட்சி நீடித்தது. தமிழ்நாட்டிலும் 1976-இல் ஆட்சி கலைக்கப்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டே தேர்தல் நடந்தது.

கடல்கடந்த கோரிக்கை

உள்நாட்டில் பேச்சுவழி அடைபட்டபோது கோரிக்கை புலம்பெயர் நிலத்தில் வேரூன்றியது. 1971-இலேயே சகசித் சிங் சௌகான் நியூயார்க் டைம்ஸ் இதழில் காலிஸ்தானுக்காக விளம்பரம் வெளியிட்டிருந்தார். எனினும் 1984-க்குப் பிறகே அக்குரல் வெளிநாடுகளில் வலுப்பெற்றது. 1985 சூன் 23 அன்று கனடாவிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா வானூர்தி குண்டுவெடிப்பில் 329 பேர் மாண்டனர். 2023 சூனில் கனடாவில் அர்தீப் சிங் நிஜ்ஜார் கொல்லப்பட்டதில் இந்திய முகவர்களுக்குத் தொடர்பிருக்கலாம் எனக் கனடா குற்றஞ்சாட்டியது, இந்தியா மறுத்தது. 2024 அக்டோபரில் இரு நாடுகளும் தூதரக அலுவலர்களை வெளியேற்றின. பஞ்சாபில் தணிந்த சிக்கல் இவ்வாறு இரு நாடுகளின் பிணக்காக உருவெடுத்தது.

முடிவுரை

எல்லைப்புற அமைவு, பிரிவினைக்கால இழப்பு, சமய அடையாளம் ஆகியவற்றால் பஞ்சாபின் வரலாறு தமிழ்நாட்டினின்று வேறுபடுவது உண்மை. எனினும் அவ்வேறுபாடுகள் மட்டுமே விளைவை முடிவுசெய்யவில்லை. 1983-இல் இலங்கை கொண்டுவந்த ஆறாவது திருத்தமும் பிரிவினைக்கு எதிரான உறுதிமொழியையே கோரியது. அதனை ஏற்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்ற இடங்களை இழந்தனர். மிதவாத அரசியல் வலுவிழக்க, ஆயுத வழி வலுப்பெற்றது. தமிழ்நாட்டிலோ உறுதிமொழி ஏற்றவர்களுக்குச் சட்டமன்றமும் ஆட்சியும் திறந்திருந்தன. ஆகவே, பிரிவினைக் கோரிக்கையை அடக்கியது சட்டமே என்னும் விளக்கம் முழுமையானதன்று. கோரிக்கையின் உள்ளிருந்த குறைகளுக்குத் தேர்தல் வழியே தீர்வு தேட இயன்ற இடத்தில் மட்டுமே அச்சட்டம் பயன் தந்தது.