காசும் கேஷும்

ஆங்கிலத்தில் 'கேஷ்' என்பது ஒரு சிறு சொல். ரொக்கப் பணம் என்பது அதற்கு இன்று யாவரும் அறிந்த பொருள். இச்சொல் தமிழ்க் 'காசு' என்பதன் திரிபே என்னும் கருத்து நம்மவரிடையே நெடுநாளாக வழங்கி வருகின்றது. மேடைகளில் அதனைக் கூறக் கேட்டோர் பலர். கேட்டு மகிழ்ந்தோரும் பலர். யானும் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில் மாணவர்க்கு அவ்வாறே கற்பித்ததுண்டு. ஒருநாள் மாணவர் ஒருவர், "காசு என்பதிலுள்ள சகரம் ஆங்கிலத்தில் ஷகரமானது எங்ஙனம்?" என வினவினார். விடை கூற இயலாது நின்றேன். அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

பல பொருள் தரும் ஒரு சொல்லைத் தொல்காப்பியர் 'பலபொருள் ஒருசொல்' எனக் குறியிட்டு, அதனை வினை வேறுபடுவது, வேறுபடாதது என இருவகைப்படுத்துவர். 'மா' என்பது மரத்தையும் விலங்கையும் நிலவளவையையும் குறித்தல் பலரும் காட்டும் எடுத்துக்காட்டு. இப்பகுப்பு பொருள் பற்றியது, பிறப்புப் பற்றியதன்று. ஒரு சொல்லே பல பொருளாய்க் கிளைத்ததோ, வெவ்வேறிடத்துப் பிறந்த சொற்கள் ஓசையால் ஒன்றாயினவோ என்பது வேறு ஆராய்ச்சி. 'கேஷ்' பின்னைய இனத்தைச் சார்ந்தது. பெரிய ஆங்கில அகராதிகள் அதனைத் தனித்தனிச் சொற்களாகப் பிரித்து எண்ணிட்டுத் தந்திருப்பது இதுபற்றியே.

ரொக்கம் எனப் பொருள்படும் கேஷ் இலத்தீனத்துக் 'காப்சா' என்பதன் வழித்தோன்றல். காப்சா என்பது பெட்டி. கொள்ளுதல், பற்றுதல் எனப் பொருள்படும் 'காபெரே' என்னும் வினையடியாகப் பிறந்தது. இத்தாலியத்தில் அது 'காஸ்ஸா' என்றும், பிரெஞ்சில் 'கெஸ்' என ஒலிக்கும் வடிவிலும் வழங்கி, வணிகரின் பணப்பெட்டியைக் குறித்தது. பெட்டி என்னும் பொருளில் வரும் ஆங்கிலக் 'கேஸ்' என்பதும், மருந்துக்கடையில் நாம் கேட்டு வாங்கும் 'காப்ஸ்யூல்' என்பதும் அதே குடும்பத்தன. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துட் புகுந்த காலத்தும் கேஷ் என்பதற்குப் பணப்பெட்டி என்னும் பொருள் இருந்தது. 1598இல் ஜான் ஃப்ளோரியோ வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில அகராதியில், காஸ்ஸா என்பதற்கு விளக்கமாக, வணிகரின் பணப்பேழை என்னும் கருத்தில் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. அடுத்த ஆண்டளவில் எழுந்த சேக்சுபியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில், கடனைத் தீர்ப்பதாகக் கூறும் பாத்திரத்தின் வாயில் அது ரொக்கம் என்னும் பொருளில் வருகின்றது.

பெட்டியின் பெயர் பெட்டியிலுள்ள பணத்துக்கு ஆதல் நமக்குப் புதிதன்று. இடவாகுபெயர் எனின் அமையும். கடைக்காரர் பணம் போடும் பெட்டிக்குக் 'கல்லா' என்று பெயர். நல்ல விற்பனை நடந்த நாளில் 'கல்லா கட்டியது' என்கின்றோம். ஆண்டுக் கட்டப்பட்டது பெட்டியன்று, பணமே. காஸ்ஸாவின் கதையும் இத்தகையதே.

ஆகவே, ரொக்கம் எனப் பொருள்படும் கேஷ் காசிலிருந்து வந்தது எனக் கொள்ளுதற்கு இரு தடைகள் உள. ஒன்று காலம். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி பட்டயம் பெற்றது 1600இன் இறுதி நாளில். சென்னையில் கோட்டைக்கு இடம் கிடைத்தது 1639இல். அதற்கு முன்னரே இலண்டன் நாடகமேடையில் இச்சொல் ஒலித்துவிட்டது. கால வாதத்தை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் போதாது. போர்ச்சுகீசியர் வாயிலாக முன்னரே சென்றிருக்கலாகாதா என வினவுவார் இருத்தல் கூடும். அவர்க்கு விடையாவது இரண்டாம் தடை. நாணயத்தின் பெயர் பெட்டியின் பெயராதற்கு வழியில்லை. ஆங்கிலத்தில் தோன்றிய தொடக்கக் காலத்திலேயே பெட்டி என்னும் பொருளுடன் காணப்படும் சொல்லுக்கு நாணயத்தை மூலமாகக் காட்டுதல் பொருந்தாது.

இவ்வளவில் நிறுத்திவிடின் உண்மையின் ஒரு பாதியை மறைத்தவராவோம். காசிலிருந்து பிறந்த கேஷ் ஒன்று ஆங்கிலத்தில் உண்டு. அது வேறு சொல். கீழை நாடுகளின் சிறு நாணயத்துக்குப் பெயராயது. ஹென்றி யூலும், தமிழ்நாட்டில் நீதிபதியாக இருந்தவரும் கல்வெட்டெழுத்தாராய்ச்சியில் வல்லவருமான பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஆப்சன்-ஜாப்சன்' என்னும் சொற்றொகை நூல் இதற்குத் தமிழ்க் காசையே மூலமாகக் காட்டி, கொங்கணி வடிவம் ஒன்றும் இடையே நின்றிருக்கலாம் என்று கருதுகின்றது. போர்ச்சுகீசியர் இக்கடற்கரையில் கேட்ட 'காசு' என்பதைத் தம் மொழியில் பலவாறு எழுதினர்; அவற்றுள் நிலைத்தது 'கைஷா' என்னும் வடிவம். அம்மொழியில் கைஷா என்பதற்கு முன்னரே ஒரு பொருள் உண்டு; பெட்டி என்பதே அது. அதுவும் இலத்தீனக் காப்சாவின் வழிவந்ததே!

எனவே, காசும் காப்சாவும் முதன்முதல் கலந்தது இலண்டனில் அன்று. கடலோடிகளான போர்ச்சுகீசியரின் நாவில். கேள்வியுற்ற அயற்சொல்லைத் தமக்குப் பழகிய சொல்லின் உருவில் அமைத்துக்கொள்ளுதல் மக்கள் இயல்பு. மாணவர் வினவிய ஷகரத்துக்கும் விடை ஈண்டே கிடைக்கின்றது. தமிழில் உயிரிடை நின்ற சகரம் மெல்லொலி பெறும். போர்ச்சுகீசியரின் கைஷாவிலோ ஷகரவொலி உண்டு. அவ்வொலியே ஆங்கிலத்துட் சென்றது. லின்ஸ்கோட்டன் என்னும் டச்சுக்காரர் எழுதிய பயண நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் சாவகத் தீவின் சுண்டா நாட்டுச் செப்புக்காசு கைஷா எனவே குறிக்கப்படுகின்றது. அம்மொழிபெயர்ப்பு வெளிவந்ததும் ஃப்ளோரியோவின் அகராதி வெளிவந்த அதே 1598இல். இரு சொற்களும் ஓராண்டிலேயே இலண்டன் அச்சகங்களில் ஏறியமை வியப்புக்குரியது.

கீழ்க்கடல் வணிகத்தில் இப்பெயர் பரவி, நடுவே சதுரத் துளையுடைய சீன நாணயத்துக்கும் ஆங்கிலத்தில் பெயராயிற்று. சீனர் தம் நாணயத்தை அப்பெயரால் அழைத்தாரல்லர். ஆயிரம் காசுகளைக் கயிற்றிற் கோத்துச் சரமாகக் கொண்ட அவர் வழக்கத்தை எழுதிய ஆங்கிலேயர் அனைவரும் தம்மை அறியாமலே ஒரு தமிழ்ச் சொல்லை ஆண்டனர்.

சென்னைக் கும்பினியாரின் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1818இல் ரூபாய் நிலைநாணயமாக்கப்படும் வரை இவ்வாய்பாடே வழங்கிற்று. அக்காசுகள் சிலவற்றை அடித்தது பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் சோகோ நாணயச்சாலை. அங்ஙனம் வந்த 20 காசு நாணயத்தின் ஒரு முகத்தில் ஆங்கில எழுத்தில் 'கேஷ்' என்றும், அதன் மேலே பாரசீக எழுத்தில் 'காஸ்' என்றும் பொறிக்கப்பட்டிருத்தல் காணலாம். ஒரே செப்புத் தகட்டில் ஒரே சொல் இரு வழியாற் பெற்ற இரு வடிவங்கள்! பாரசீகம் தமிழொலியை ஏறத்தாழ அப்படியே காத்தது. ஆங்கிலம் போர்ச்சுகீசியர் வழிப் பெற்ற ஷகரத்தைக் காத்தது. 1808ஆம் ஆண்டுப் பொறித்த இத்தகு காசுகளைப் பெருந்தொகையாக ஏற்றிச் சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் கெண்ட் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணற்றிட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் அக்காசுகள் மிகப் பலவாக மேலே கொணரப்பட்டன. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்னும் கணக்கு 1949 வரை நிலவியது. அந்நாட்டுச் செப்புக்காசிலும் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றே காணலாம்.

மூன்றாவதும் ஒன்றுண்டு, சுருங்கக் கூறுவல். 'கேஷியர்' என்பது பெயராயின் பணங்காப்போன், காப்சாவின் வழியது. வினையாயின் பதவியினின்று நீக்குதல். சேக்சுபியரின் 'ஒத்தெல்லோ'வில் பின்னையதே வரும். இதற்கும் பணத்துக்கும் தொடர்பில்லை. வெறுமை எனப் பொருள்படும் இலத்தீன அடியிற் பிறந்து, பிரெஞ்சு, டச்சு மொழிகள் வழியாக வந்தது. பணங்கையாடிய கேஷியரை நீக்கினமையால் அவ்வினை பிறந்தது எனக் கதை கட்டுவார் உளராயின் வியத்தற்கில்லை.

இனி நம் காசின் தொன்மை. குறுந்தொகை 67ஆம் பாட்டில், கிளியின் அலகில் வேம்பின் பழம், புதுநூல் கோப்பவன் நகத்திடைப் பற்றிய பொற்காசுக்கு உவமிக்கப்படுகின்றது. ஆண்டுக் காசு அணிகலத்தின் உறுப்பு, அங்காடி நாணயமன்று. குற்றம் என்னும் பொருளிலும் காசு வரும். கோவலன் கண்ணகியைப் பாராட்டுமிடத்து அதனைக் காணலாம். வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடு நான்கனுள் ஒன்றாகவும் அது நிற்கின்றது. கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றிலும் இச்சொல் உண்டு. வடமொழியில் ஒருவகை நிறையைக் குறிக்கும் 'கர்ஷ' என்பதே இதற்கு மூலம் என்பார் சிலர். திராவிடச் சொல்லே என்பார் சிலர். சங்கப் பாட்டில் அணிகலப் பொருளே முற்பட நிற்றலால், நிறைப் பெயரினின்று வந்தது என்பதற்கு மேலும் சான்று வேண்டும் என்பது என் கருத்து. ஆயினும், கேஷ் பற்றி நாம் முன்பு விரைந்து முடிவு கட்டியதுபோல் இதனையும் முடித்தல் தகாது.

கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்துட் சென்றமைக்கு ஐயமற்ற சான்றுகள் உள. அவற்றோடு எண்ணத்தக்கது நாணயப் பெயரான கேஷ். ரொக்கமாகிய கேஷை அவ்வரிசையினின்று நீக்கி, இப்பொழுது வகுப்பில் அந்த 20 காசு நாணயத்தின் படத்தை மாணவர்க்குக் காட்டி, இரு எழுத்துக்களையும் அவர்களையே படிக்கச் சொல்கின்றேன்.