சொன்னது சொன்னபடி: திருத்தணி எல்லையில் மனநலச் செவிலியக் கல்வியும் பண்புசார் ஆய்வும்

1. பொருளும் இடமும்

மனநலச் செவிலியப் பேராசிரியர் ஒருவரின் பணிக்குறிப்பைப் புரட்டினால், கற்பித்த ஆண்டுகள் ஒருபுறமும் வெளியிட்ட ஆய்வுகள் மறுபுறமுமாக இருக்கும். பதவி உயர்வுக்கு இரண்டையும் தனித்தனியாகத்தான் எண்ணுகிறார்கள். இந்தப் பிரிவினையை நான் ஏற்கவில்லை. இத்துறையில் பாடம் நடத்துவதும் பண்புசார் ஆய்வு செய்வதும் ஒரே கைப்பழக்கம். ஒருவர் தம் துன்பத்தைச் சொன்ன சொல்லை, கேட்டவர் தம் வசதிக்குத் திருத்தாமல் காப்பாற்றி வைப்பதே அது.

இதற்கு உரைகல்லாகத் திருத்தணிப் பகுதியை எடுத்துக்கொள்கிறேன். 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து நம்மோடு இணைந்த ஊர் இது. எல்லைக்கோடு இடம் மாறியது, வீட்டுப் பேச்சு மாறவில்லை. பிறந்த வீட்டில் தெலுங்கும் புகுந்த வீட்டில் தமிழுமாக வாழும் பெண்கள் இங்கே உண்டு. மேற்கே போனால் சோளிங்கர், அதையும் தாண்டினால் வேலூர். மனநலச் செவிலியக் கல்வியும் கிராம ஆய்வும் கைகோத்த களம் அந்த வேலூர்.

2. மூன்று பத்தி நோட்டு

மனநலப் பிரிவுக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவி 'ப்ராசஸ் ரெக்கார்டிங்' எழுதியாக வேண்டும். நோட்டில் கோடு போட்டு, நோயாளி சொன்னதை ஒரு பத்தியிலும், தான் சொன்னதை அடுத்ததிலும், அதிலிருந்து ஊகித்ததை மூன்றாவதிலும் எழுதுவாள். மௌனமும் பதிவாக வேண்டும். கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர் சன்னலைப் பார்த்தால் அதுவும் பதிவுதான்.

இவ்வகைப் பயிற்சிக்கு அடிப்படை தந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லோ. செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவையே சிகிச்சையின் மையமாக வைத்த அவருடைய நூல் 1952இல் வெளிவந்தது. மருத்துவர் பெயர் சேராமல் ஒரு செவிலியர் தனியே நூல் எழுதுவதா என்ற தயக்கத்தால் அது சில ஆண்டுகள் அச்சேறாமலே கிடந்தது.

இனி நம் வார்டுக்கு வருவோம். "நெஞ்சுல கல்ல வெச்ச மாதிரி இருக்கு சிஸ்டர்" என்கிறார் ஓர் அம்மா. மாணவியின் நோட்டில் ஏறுவதோ 'டிப்ரெஸ்டு மூட்'. ரெக்கார்டை ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவள் அவள், மதிப்பெண்ணும் அதற்குத்தான். மூன்றாம் பத்தியில் நடக்க வேண்டிய ஊகம் முதல் பத்தியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. கல் காணாமல் போய்விட்டது. 'வெச்ச மாதிரி' என்றாரே, யார் வைத்தது, எப்போதிலிருந்து கனக்கிறது என்று கேட்கும் வழியும் அதோடு அடைபட்டது.

அந்த வரியைச் சுழித்து, "அவங்க வாயில வந்த வார்த்தை என்னம்மா?" என்று கேட்கும் ஆசிரியர், தாம் அறியாமலே ஆய்வு நெறி கற்பிக்கிறார். பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் 1967இல் நூலாக்கிய ஆய்வு முறை, களத்தில் பேசியவரின் சொல்லையே பகுப்பாய்வின் பெயராக எடுத்தாள இடம் கொடுக்கிறது. அவர்கள் அந்த முறையை உருவாக்கியது சான் பிரான்சிஸ்கோவின் செவிலியக் கல்லூரியில் இருந்தபோது, சாவை நெருங்கிய நோயாளிகளோடு மருத்துவமனைகளில் நடக்கும் பேச்சை ஆராய்கையில். ஆய்வு முறைப் பாடம் நடத்தும்போது இந்தப் பிறப்பிடத்தை மாணவிகளிடம் சொல்ல வேண்டும். சமூகவியலிடமிருந்து கடன் வாங்கிய பொருள் என்ற கூச்சம் நமக்குத் தேவையில்லை.

3. கணியம்பாடி

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கியது. வீட்டார் ஒருவர் நோயாளியோடு உடன் தங்குவது அங்கே சிகிச்சையின் பகுதி. அதே கல்லூரியின் சமுதாய நலப் பணியாளர்கள் பக்கத்திலுள்ள கணியம்பாடி ஒன்றியத்தில் ஒவ்வொரு சாவுக்கும் வீடு தேடிப் போய்க் காரணம் விசாரித்தார்கள். 1994 முதல் 1999 வரையிலான அந்தப் பதிவுகள், தற்கொலை லட்சத்துக்கு 95 என்று காட்டின. அக்காலத்தில் நாட்டின் அதிகாரபூர்வக் கணக்கு சுமார் 11. அடுத்து 2004இல் வந்த ஆய்வு இன்னும் வயிற்றைப் பிசைந்தது: 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் லட்சத்துக்கு 148, ஆண்களில் 58.

இந்த எண்களைப் படித்துவிட்டு வகுப்பெடுப்பது எளிதல்ல. அவை எத்தனை பேர் என்று சொல்கின்றன. ஊர் அதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறது என்பதைச் சொல்வதில்லை. அங்கேதான் கல்லூரியின் மனநலச் செவிலியப் பேராசிரியர் மனோரஞ்சிதத்தின் பணி வருகிறது. அவரும் சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்டது, தற்கொலையைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அவர்கள் வாயிலாகவே அறிந்த பண்புசார் ஆய்வு. அதன்பின் 2010இல், இறந்த 100 பேரையும் உயிரோடிருக்கும் 100 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு வந்தது. மனநோய் என்று பெயரிடத்தக்க நிலை இறந்தவர்களில் 37 பேருக்கே இருந்தது. மேலைநாட்டு ஆய்வுகள் பலவும் இதை 90 விழுக்காடு என்று சொல்லிவந்தன. விடாத நெருக்கடி, நாட்பட்ட உடல்வலி, தனிமை, முறிந்த உறவு ஆகியவை இங்கே முன்னுக்கு வந்தன.

முதலில் ஊரைப் பேசவிட்டுக் கேட்டதையும் பின்னர் எண்ணியதையும் நான் பெரிதாக மதிக்கிறேன். துக்க வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து, கேள்வித்தாளை எப்போது மடியில் வைப்பது, எப்போது எடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். வார்டில் பல ஆண்டுகள் மாணவிகளுக்குச் செய்துகாட்டியவருக்கு அந்த நிதானம் கைவரும்.

4. காற்றா, காலியா

சொன்னதைச் சொன்னபடி எழுதும் இந்தப் பழக்கத்துக்குத் திருத்தணிப் பக்கம் இன்னொரு சிக்கல் சேர்கிறது. தெலுங்கு பேசும் ஒரு தாய் தன் மகனைப் பற்றி "காலி சோகிந்தி" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காற்று பட்டுவிட்டது, ஏதோ அண்டிவிட்டது என்பது பொருள். நம் ஊர்த் தமிழில் 'காத்து கருப்பு' என்பதற்கு நேர். ஒலிப்பதிவைக் கேட்டுத் தமிழெழுத்தில் எழுதும் உதவியாளருக்குத் தெலுங்கு தெரியாவிட்டால்? நம் எழுத்து அந்தத் தெலுங்குச் சொல்லின் முதல் ஒலியைத் தமிழ்க் 'கா'விலிருந்து பிரித்துக் காட்டாது. 'காலி' என்றால் வெறுமை, அடுத்த சொல்லில் 'சோகம்' தெரிகிறது. வெறுமையும் சோகமும் சேர்ந்தால் மனச்சோர்வு என்று குறியிடப்பட்டு, அட்டவணையிலும் ஏறிவிடும். யாருமே பொய் சொல்லாமல் ஒரு பிழையான முடிவு பிறந்துவிடும்.

ஆகவே இப்பகுதியில் ஆய்வு செய்பவர் தெலுங்கைத் தெலுங்கெழுத்திலேயே பதிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மொழிபெயர்ப்பு அதன் கீழே வரட்டும், யார் பெயர்த்தார் என்ற குறிப்போடு. பேட்டியின் பாதியில் ஒரு பெண் மொழி மாறுவதையும் குறிக்க வேண்டும். மாமியார் அறைக்குள் வந்ததும் தமிழுக்குத் தாவுகிறாரா, அழும்போது எந்த மொழியில் அழுகிறார் என்பவையும் தரவுகளே.

5. மலையும் குளமும்

ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடியோடு திருத்தணியின் 365 படி ஏறும் குடும்பங்களில், மனம் கலங்கிய பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வருவோரும் இருப்பார்கள். சோளிங்கரில் இது வெளிப்படை. தக்கான் குளத்தில் முழுகி, சின்ன மலையில் யோக ஆஞ்சநேயரைச் சேவித்து, நாள் கணக்கில் தங்கிப் போகிறார்கள். இவர்களிடம் போகும் செவிலியர் தர்கா ஊரான ஏர்வாடியை மறந்துவிட்டுப் போகக் கூடாது. 2001 ஆகஸ்டு 6 அன்று அங்கே ஒரு காப்பகத்துத் தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நிலையில் 28 பேர் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது.

பழனிப் பக்கத்து முத்துசாமி கோயிலையும் அந்தச் செவிலியர் அறிந்திருக்க வேண்டும். அங்கே தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002இல் வெளியான கட்டுரையின்படி, தனிச் சிகிச்சைச் சடங்கு எதுவுமின்றி, கோயிலின் அன்றாட வேலைகளில் பங்கெடுத்தே அவர்களின் அறிகுறிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு தணிந்தன. ஒப்பிட வேறு குழு இல்லாத சிறு ஆய்வுதான். ஆனாலும் கோயில் வாசலில் நின்று 'மூடநம்பிக்கை' என்று எழுதிவிட்டுத் திரும்புபவரை அது தடுத்து நிறுத்தும்.

குளக்கரையில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருக்கும் தாயிடம் நோயின் பெயரைக் கேட்பதில் பயனில்லை. எந்த மொழியில் பேசலாம் என்று முதலில் கேட்கலாம். எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று அவரைப் பற்றியே கேட்கலாம். பிறகு, மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது, யாருக்குத் தெரியாமல் கொடுக்கிறீர்கள், இங்கே வந்ததில் பையனுக்கு எது பிடித்திருக்கிறது என்று கேட்டு, அவர் சொல்லும் வரிசையிலேயே நோட்டின் முதல் பத்தியில் எழுதிக்கொள்ளலாம்.