உடப்புசல்லாவை மண்: பாறையும் சாய்வும் உழைப்பும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்தது. கருப்பொருளும் உரிப்பொருளும் அவற்றின் அடியாகவே அமைவன. இப்பாகுபாட்டில் பொருள்முதல்வாத நோக்கின் சாயலைக் காண்பாருளர். எனினும், நிலம் என்பது என்றும் மாறாது கிடக்கும் களமன்று, அதற்கும் வரலாறுண்டு. அவ்வரலாற்றின் முற்பகுதி பாறையாலும் மழையாலும் ஆயது. பிற்பகுதி உற்பத்தி உறவுகளால் ஆயது. நுவரெலியா மாவட்டத்தின் கிழக்கே, ஊவாவை அடுத்துள்ள உடப்புசல்லாவைப் பிரதேசத்தைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையின் நிலப்பரப்பிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டது கேம்பிரியன் காலத்துக்கு முற்பட்ட உருமாறிய பாறைகளால் ஆனது. மத்திய மலைநாடு அப்பாறைகளுள் உயர்நிலத் தொகுதி எனப்படும் பிரிவைச் சேர்ந்தது. கடினமான குவாட்சைற்றும் சார்ணோக்கைற்றும் தேய்வை எதிர்த்து நின்று மலைமுகடுகளாயின; எளிதிற் சிதையும் நைசு வகைகளும் பளிங்குப்பாறையும் அமைந்த இடங்கள் பள்ளத்தாக்குகளாயின. மண்ணும் இவ்வேறுபாட்டைப் பின்பற்றியே உருவாயிற்று. குவாட்சைற்றின் மீது பரல் மிகுந்த, ஆழங்குறைந்த, ஊட்டமற்ற மண்ணே தோன்றும். இரும்பும் மகனீசியமும் கொண்ட கனியங்கள் மிக்க பாறை வானிலையாலழிந்த இடத்திற் களித்தன்மை கூடிய செம்மண் உருவாகும்.

பாறைக்கு அடுத்தபடியாகச் சாய்வு கருதத்தக்கது. ஒரே மலையின் உச்சியில் மண் மெல்லியது. நடுச்சாய்வில் அது எப்பொழுதும் கீழ்நோக்கி நகருந் தன்மையது. அடிவாரத்திலோ மேலிருந்து இறங்கிய மண் படிந்து ஆழமும் ஈரமும் பெறுகின்றது. தோட்டத்து மக்கள் தேயிலை நிலத்தை ‘மலை’ என்றே வழங்குவர். மலைக்கு மலை கொழுந்தின் நிறை வேறுபடுவதை நிரை பிடித்துக் கொழுந்து பறிப்போர் தம் அனுபவத்தால் அறிவர். அவர்தம் அறிவும் மண்ணியலார் கூற்றும் ஈண்டு ஒன்றுபடுகின்றன.

மூன்றாவது காரணி மழை. நெடுங்காலம் பெய்த மழை சுண்ணாம்பு, மகனீசியம் முதலிய காரப்பொருள்களைக் கழுவிச் செல்ல, இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகள் எஞ்சின. இவ்வாறு உருவான செம்மஞ்சட் பொட்சோலிக் மண் அமிலத்தன்மை வாய்ந்தது. ஏனைய பயிர்கள் பலவற்றுக்குக் குறையாகும் இவ்வமிலத்தன்மை தேயிலைக்கு ஏற்றதாகும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவிலே மழையைப் பொழிந்துவிட்டு, உலர்ந்த காற்றாக இப்பக்கம் இறங்குகின்றது. யூலை முதற் செப்தெம்பர் வரை பறிக்கப்படும் கொழுந்தின் சிறப்பு மணத்துக்கு அவ்வறட்சியே காரணமாகும்.

இவற்றைக் கொண்டு, தேயிலைத் தோட்டம் இயற்கை விதித்த ஒன்று எனக் கூறுவது தவறாகும். தேயிலைக்கு உகந்த மண் தேயிலைச் செடி வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இங்கிருந்தது; அது காட்டைச் சுமந்திருந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய சட்டம் உறுதியற்ற காணிகளை அரசுடைமையாக்கிப் பெருந்தோட்ட முதலுக்கு வழிதிறந்தது. முதலிற் கோப்பி வந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்தபின் தேயிலை பரவிற்று. 1904இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒடுங்கிய புகையிரதப் பாதை எட்டியமை, இவ்வட்டாரம் உலகச் சந்தையுடன் எத்துணை இறுகப் பிணைக்கப்பட்டது என்பதைக் காட்டும்.

காடு பன்னெடுங்காலம் சேர்த்துவைத்த மேல்மண்ணே இம்முதலின் முதற் சொத்து. களை சிறிதுமின்றி நிலத்தைச் சுரண்டி கொண்டு செதுக்கி வைப்பதே துரைமாரின் நியதியாயிருந்தது. மூடாக்கற்ற சாய்வில் மழை நேரே மோதிற்று. 1931ஆம் ஆண்டின் மண்ணரிப்புக் குழு அறிக்கை இச்சேதத்தை ஆராய்ந்தது; 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. மலைநாட்டுத் தேயிலை நிலங்கள் ஒரு நூற்றாண்டில் ஏறக்குறைய ஓரடி மேல்மண்ணை இழந்துள்ளன என மண்ணியலார் 1980களில் மதிப்பிட்டனர். முதலாளித்துவ வேளாண்மை தொழிலாளியையும் மண்ணையும் ஒருங்கே வறிதாக்கும் என 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்ஸ் சுட்டினார். இலங்கையில் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கியதும் அதே ஆண்டாகும்.

ஆயின் மண் முற்றாக அழிந்துவிடவில்லை. கான் வெட்டியும், கற்கட்டு எழுப்பியும், கவ்வாத்துக் குச்சிகளை மண்ணிற் புதைத்தும் அதனைச் சாய்விலே நிறுத்தி வைத்தவர் தொழிலாளரே. லயங்களின் அருகேயும் பள்ளத்தாக்கின் ஓரங்களிலும் சாணமிட்டு மரக்கறி விளைவித்தவரும் அவர்களே. இன்றைய உடப்புசல்லாவை மண்ணின் இயல்புகள் பாறையின் கொடை மட்டுமல்ல. நூற்றைம்பது ஆண்டுக்கால உழைப்பின் படிவுமாகும்.

அம்மண்ணின் உரிமை யாருடையது என்னும் வினா இங்கு எழுகின்றது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுக்கு மாற்றின; 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. இரு மாற்றங்களிலும் தொழிலாளி நிலமற்றவராகவே நின்றார். 2015க்குப் பின்னரான வீடமைப்புத் திட்டங்கள் தொடக்கத்தில் வழங்கியது குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் மட்டுமே. குடியிருக்கும் இடத்தைத் தெரிவுசெய்யும் உரிமையற்றோர்க்கு நகரும் சாய்வு எமனாகவும் அமையும். 2014 ஒக்தோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியமை இதற்குத் துயரமிகு சான்று. அச்சாய்வின் அபாயம் முன்னரே அறியப்பட்டிருந்தது.

எனவே, மலையக இலக்கியத்தை ஆராய்வோர் மண்ணை வெறும் பின்னணியாகக் கொள்ளலாகாது. குறிஞ்சி எனப் பெயரிட்டு அமைதல் போதாது. முதற்பொருளாகிய நிலம் யாரால் ஆக்கப்பட்டது, யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என வினவுதல் வேண்டும். பாறை தந்த மண்ணைக் காத்துத் தந்தவர்க்கு அதன் உரிமை கிட்டும்வரை அவ்வினா ஆய்வாளர்க்கு உரியதாக மட்டும் அமையாது.